படைப்பதற்கு முன் எடுத்து வைத்த பொங்கல்: வேற்று மத அண்டை வீட்டாரோடு பழகும் முறை

எங்கள் சபையின் இளைஞர் கூட்டத்துக்கு வரும் பிள்ளைகள் வருடம் தவறாமல் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். பிரசாதம் கொடுத்தால் வாங்கலாமா? இந்து உறவினர் வீட்டுச் சாவில் எதுவரைக்கும் நிற்கலாம்? மலாய்த் தோழி வீட்டுக்கு வந்தால் என்ன பரிமாறுவது? போதகரிடம் கேட்டால் வசனத்திலிருந்து ஆரம்பிப்பார். நான் பாத்திரத்திலிருந்து ஆரம்பிப்பேன். அதனால்தான் என்னிடம் வருகிறார்கள் போலிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் வாய் வலிக்கச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்பவள். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் நெய்யுருண்டையும். கிறிஸ்துமஸுக்குப் பழக் கேக். பிறந்தது ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். அப்பா பால்மரம் வெட்டியவர், மரத்தைக் கீறி ரப்பர்ப் பால் எடுக்கும் வேலை. இன்று அந்த இடம் முழுக்கச் செம்பனை. லயம் இருந்த இடத்தில் ஒரு புளியமரம் மட்டும் நிற்கிறது. வெளியூர்க்காரர்களிடம் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் 1948இல் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதைச் சொல்வார்கள், அல்லது அமைச்சராக இருந்த தமிழ்த் தலைவர் துன் சம்பந்தனைச் சொல்வார்கள். தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்குவதற்காக 1960இல் அவர் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு அப்பாவும் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியிருக்கிறார். அதே வரிசையில் நின்று பணம் கட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் மாரியம்மன் கோயிலுக்குத் தீ மிதிக்கிறவர்கள். அந்த வரிசையில் யாரும் யாரையும் நீ எந்தச் சாமி என்று கேட்கவில்லை. ஆனால் வரிசை கலைந்து வீட்டுக்குப் போனதும் கேட்டோம். அங்கேதான் முறை தெரிய வேண்டியிருக்கிறது.

முதலில் நான் செய்த தப்பு

1981 ஜனவரி. எனக்குப் பத்தொன்பது வயது. அதற்கு முந்தைய மாதம் தோட்டத்தில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர், படைத்த சோற்றைத் தொட்டாலே தீட்டு என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். எனக்கு அது நெருப்பாகப் பிடித்துக்கொண்டது.

பொங்கலன்று பக்கத்து வீட்டு அக்கா எவர்சில்வர் தட்டில் வாழையிலைத் துண்டு போட்டுச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். முந்திரி போட வசதியில்லை. நெய்யும் ஏலக்காயும் மணத்தன. இலையின் ஓரத்தில் ஒரு பொட்டுக் குங்குமம் ஒட்டியிருந்தது. அம்மா பால்மரக் காட்டில் இருந்தார். நான் சிரித்துக்கொண்டே வாங்கினேன். அவர் திரும்பியதும் இலையோடு எடுத்து வீட்டின் முன்னாலிருந்த கால்வாயில் கொட்டிவிட்டேன்.

லயத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும், கால்வாய் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். எங்கள் வீட்டுத் தண்ணீர் அக்காவின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். மறுநாள் விடியற்காலை கதவைத் திறந்தபோது, அவர் ஈர்க்குமாற்றால் தன் வாசற்படிக்கு நேராக அடைத்துக்கொண்டிருந்த வாழையிலையையும் மஞ்சள் பருக்கைகளையும் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். இலையில் அந்தக் குங்குமம் இன்னும் இருந்தது. என்னைப் பார்த்தார். “தங்கச்சி, தட்டு வேண்டுமே” என்றார். அவ்வளவுதான். நான் தட்டைக் கொடுத்தேன். வெறும் தட்டை.

அடுத்த வருடம் பொங்கலன்று இன்னும் இருட்டாக இருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. அதே தட்டு. இலை இல்லை, குங்குமம் இல்லை. “இது சூரியனுக்குப் படைப்பதற்கு முன்னால் எடுத்து வைத்தது. நீ சாப்பிடலாம்” என்றார்.

என் மதத்தில் எனக்கு எது தடை என்பதை அவர் யாரிடமோ விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். தன் பூஜையில் ஒன்றையும் குறைத்துக்கொள்ளவில்லை; எனக்காக ஒரு கரண்டியை முன்னதாக எடுத்திருக்கிறார். நான் கீழே சொல்கிறதெல்லாம் அந்த ஒரு கரண்டியிலிருந்து கற்றுக்கொண்டதுதான்.

பிரசாதம்: வாங்குவதும் மறுப்பதும்

சபைக்குச் சபை இதில் கருத்து வேறுபடும். வேதத்திலேயே இதற்கு ஒற்றைவரிப் பதில் கிடையாது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 8ஆம் அதிகாரத்தையும் 10ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு என்கிறார். அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்து, போகவும் உனக்கு மனமிருந்தால், வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு என்கிறார். ஆனால் ‘இது படைக்கப்பட்டது’ என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்கிறார். மூன்று இடத்திலும் அவர் கவலை உணவைப் பற்றியதல்ல, எதிரில் இருக்கிற ஆளைப் பற்றியது. பிரசங்கியார் மேசையைத் தட்டியபோது இதை விட்டுவிட்டார்.

ஆகவே முதல் வேலை, நீங்கள் சாப்பிடுவீர்களா மாட்டீர்களா என்பதை உங்கள் மனச்சாட்சியோடு இன்றைக்கே முடிவு செய்துகொள்வது. தட்டு முன்னால் வந்த பிறகு முடிவு செய்ய முயன்றால் முகம் கோணிவிடும். கொடுத்தவருக்கு அந்தக் கோணல்தான் மறக்காது.

சாப்பிடுவதில்லை என்று முடிவு செய்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, வேலி ஓரத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது சொல்வதற்கும், தட்டை நீட்டும்போது சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வாக்கியம் இது: “அக்கா, எங்கள் வழக்கத்தில் சாமிக்குப் படைத்ததை நாங்கள் எடுப்பதில்லை. உங்கள் கைப்பக்குவம் மட்டும் எங்களுக்கு வேண்டும். படைக்காமல் கொஞ்சம் இருந்தால் கொடுங்கள்.” இப்படிக் கேட்டு நான் இதுவரை யாரிடமும் முகம் சுளிப்பைப் பார்த்ததில்லை. மாறாக, நான்கு அதிரசம் கூடவே கிடைத்திருக்கிறது.

கேட்கத் தவறி, தட்டு வந்தேவிட்டதா? இரண்டு கையாலும் வாங்குங்கள். அதைச் சாப்பிடக்கூடிய இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். குப்பையிலும் கால்வாயிலும் மட்டும் போடாதீர்கள். கோயிலிலிருந்து வந்த திருநீறோ குங்குமமோ ஆனால், “நான் வைப்பதில்லை, மன்னியுங்கள்” என்று கைகூப்பிச் சொன்னால் போதும். வாங்கி மேசை விளிம்பில் துடைப்பது மகா கேவலம்.

தட்டை வெறுமையாகத் திருப்பாதீர்கள். ஒரு பிடிச் சர்க்கரையாவது போட்டுக் கொடுங்கள். இது மதமல்ல, தமிழ்ப் பழக்கம். ஆனால் நம் ஆட்களில் சிலர் இரட்சிக்கப்பட்ட வேகத்தில் இதையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள்.

கோயில் திருவிழாவுக்கு நன்கொடைச் சீட்டு வரும். இதிலும் ஆளுக்கொரு கருத்து. நான் உபயம் எழுதுவதில்லை; அன்னதானத்துக்கு ஒரு மூட்டை அரிசி கொடுப்பேன். பசிக்கிறவன் சாப்பிடுவான், என் மனமும் உறுத்தாது. கோயில் தலைவருக்கு இது தெரியும். சீட்டை நீட்டாமல் “அரிசி எப்போது வரும் அக்கா?” என்றுதான் கேட்பார்.

வாயைக் கவனியுங்கள்

பழைய கிறிஸ்தவத் தமிழில் ‘அஞ்ஞானி’ என்ற சொல் சாதாரணமாக வரும். எங்கள் பாட்டியும் தயங்காமல் சொல்வார். நீங்கள் சொல்லாதீர்கள். ‘விக்கிரகம்’, ‘பேய்க்கு ஆராதனை’ போன்றவையும் அப்படித்தான். வேதபாட வகுப்பில் அதன் இடத்தில் படியுங்கள், வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவராதீர்கள். ‘அம்மன் கோயில்’ என்று அவர்கள் சொல்கிறபடியே சொல்லுங்கள். சாட்சி சொல்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இயேசு உங்களுக்குச் செய்ததைச் சொல்லுங்கள், கேட்கிறேன். உங்கள் அம்மா கும்பிட்ட சாமியைக் கேலி செய்து சபையைச் சிரிக்க வைக்காதீர்கள். ஒலிபெருக்கி ஜன்னல் வழியாகத் தெருவுக்கும் கேட்கிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில் எபேசு பட்டணத்துக் கலவரம் இருக்கிறது. தியானாள் கோயிலின் பெயரால் ஊரே திரண்டு கத்துகிறது. கடைசியில் அந்த ஊர் அதிகாரி எழுந்து கூட்டத்தை அடக்குகிறார். என்ன சொல்லி? இந்த மனிதர்கள் கோயிலைக் கொள்ளையடிக்கவும் இல்லை, உங்கள் தேவியைத் தூஷிக்கவும் இல்லை என்று சொல்லி. 37ஆம் வசனம். இப்படி ஒரு நற்சான்று நமக்கு, நம் சபைக்காரர் அல்லாத ஒருவர் வாயிலிருந்து கிடைக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லுத்தரன் சபைக்கு மூலம் தரங்கம்பாடி. அங்கே 1706இல் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோம்: தமிழ் கற்றார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். பேசாமல் விடுவது ஒன்று உண்டு. வந்த புதிதில் அவர் ஒரு கோயிலுக்குப் போய்ச் சில உருவங்களைக் கீழே தள்ளி, சிலவற்றின் தலையை உடைத்தார். அங்கிருந்த தமிழ் ஆசிரியர் ஒருவர், இவை கடவுள் அல்ல, கடவுளின் காவல் வீரர்கள் என்று விளக்கினார். சீகன்பால்கு எழுதிய கடிதமே இதைச் சொல்கிறது. அதே மனிதர் பிறகு தமிழர்களுக்குக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்டார், பதில்களைச் சேர்த்தார், 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலையே எழுதி முடித்தார். ஜெர்மனியில் இருந்த அவருடைய மேலிடம் அதை அச்சிட மறுத்தது. புறச்சமயத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், அதன் கதைகளை இங்கே பரப்ப அல்ல என்பது அவர்கள் வாதம். நூல் வெளிவந்தது 1867இல். நூற்றைம்பது வருடம் காத்திருந்தது. அவர் கடைசிவரை மதம் பரப்ப வந்தவராகத்தான் இருந்தார், அதில் மாற்றமில்லை. ஆனால் தலையை உடைத்த கை, கேட்டு எழுதும் கையாக மாறியது. கால்வாயில் பொங்கல் கொட்டியவளுக்கு அது பெரிய ஆறுதல்.

கேட்கும் முறையும் இருக்கிறது. “இதை ஏன் கும்பிடுகிறீர்கள்?” என்று கேட்டால் அது விசாரணை. “இந்த விரதத்துக்கு என்ன சாப்பிடுவீர்கள்?” என்று கேட்டால் அது உறவு. முதல் கேள்விக்கு ஒரு வரிப் பதில் வரும். இரண்டாவதற்கு ஒரு மணி நேரம் பேசுவார்கள், முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

சாவு வீடு

இதுதான் கடினமானது, நிதானமாகச் சொல்கிறேன். நம்மில் பாதிப் பேருக்குத் தாய்மாமன் இந்து, அல்லது மாமியார் இந்து. சாவு வீட்டில் சடங்கு உண்டு, அழுகை உண்டு, அதற்கு நடுவே பழைய பகையும் உண்டு. அங்கே நம் கொள்கையை நிலைநாட்டப் போனால் இருபது வருடத்துக்குப் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

சாவுச் செய்தி வந்ததும் போய்விடுங்கள். முடிந்தால் முதல் ஆளாக. கையில் சீனி, தேயிலை, பால் டின். நாற்காலி இறக்குங்கள், கூடாரம் கட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள். வேலை செய்கிற கையை யாரும் சடங்குக்கு இழுக்க மாட்டார்கள். இது நான் கண்ட இரகசியம்.

வாய்க்கரிசி போடுவது, நெய்ப்பந்தம் பிடிப்பது போன்றவற்றுக்கு உங்களைக் கூப்பிடுவார்கள் என்றால், முந்தின இரவே வீட்டுப் பெரியவர் ஒருவரைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள்: “பெரியப்பா, நான் அரிசி போட மாட்டேன், தப்பாக நினைக்காதீர்கள். மாலை போடுகிறேன், தூக்கவும் வருகிறேன்.” அவர் சடங்கு நேரத்தில் உங்கள் பெயரைத் தாண்டிப் போய்விடுவார், ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் செய்யலாம் என்று உங்கள் மனச்சாட்சி விட்டால் அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் உள்ள கணக்கு. நான் எட்டிப் பார்க்க மாட்டேன்.

இங்கே நான் இளைஞர்களுக்குக் காட்டுவது 2 இராஜாக்கள் 5. சீரியப் படைத்தலைவன் நாகமான் தீர்க்கதரிசி எலிசாவின் சொல்லால் தொழுநோய் குணமாகி, இனி கர்த்தர் ஒருவரையே வணங்குவேன் என்கிறான். உடனே ஒரு சங்கடத்தையும் சொல்கிறான்: என் எஜமான் ரிம்மோன் கோயிலில் பணியும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார், நானும் குனிய வேண்டியிருக்கும், அதை மன்னிக்க வேண்டும். எலிசா எவ்வளவு பெரிய பிரசங்கம் செய்திருக்கலாம்! “சமாதானத்தோடே போ” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். எஜமானின் கையை விட்டுவிடு என்று சொல்லவில்லை.

செய்யக் கூடாதது ஒன்றைச் சொல்கிறேன். உறவினர் வீட்டில் சடலம் கிடக்க, தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். நம் ஆள் ஒருவர் வாசலில் நின்றபடி கீர்த்தனை ஒன்றை உரக்க ஆரம்பித்தார். இரண்டு பாட்டும் மோதி, கடைசியில் ஒருவரும் பாடவில்லை. நான் தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தத் தட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ள முடியுமா என்று பார்த்தேன்.

நம் வீட்டுச் சாவிலும் சோதனை உண்டு. அப்பா இறந்தபோது தோட்டத்துப் பழைய கூட்டாளி ஒருவர் தடி ஊன்றி வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டிக் கற்பூரத்தை எடுத்தார். போதகர் ஓரடி முன்னால் வைத்தார். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே, “விடுங்கள் ஐயா, நாற்பது வருடம் ஒரே நிரையில் மரம் வெட்டியவர்” என்றார். போதகர் நின்றுவிட்டார். கற்பூரம் ஒரு பழைய தேநீர்த் தட்டில் எரிந்து அணைந்தது. பிறகு நாங்கள் ஜெபம் பண்ணினோம். அவரும் கைகூப்பி நின்றார்.

மலாய்க்கார நண்பர்கள்

நாட்டில் முஸ்லிம்கள் 63.5 விழுக்காடு, பௌத்தர்கள் 18.7, நாம் 9.1, இந்துக்கள் 6.1 என்று 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. நம்முடைய ஒன்பதிலும் பெரும்பங்கு சபா, சரவாக்கில். சுங்கை சிப்புட் போன்ற ஊரில் தமிழ்க் கிறிஸ்தவர் என்றால் ஒரு கைப்பிடி. இந்தக் கணக்கைப் பயப்படுவதற்காகச் சொல்லவில்லை. யார் வீட்டில் எந்தப் பாத்திரம் தேவைப்படும் என்று தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

சட்டத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அரசியலமைப்பின் 3ஆம் பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயம் என்கிறது. மற்றச் சமயங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் பின்பற்றலாம் என்றும் சொல்கிறது. 11ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதன் 4ஆம் உட்பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதை மாநிலச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்கிறது. ஆகவே துண்டுப் பிரசுரம், வேதாகமம், கிறிஸ்துமஸ் அழைப்பிதழில் வசனம் என்று எதையும் மலாய் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் ஆர்வத்துக்கு அவர்களும் சேர்ந்து சங்கடப்பட வேண்டிவரும்.

இனி சமையலறை. “பன்றி இல்லை, ஆகவே சாப்பிடலாம்” என்று நினைப்பது நம் ஆட்களின் வழக்கமான தவறு. கோழி முறைப்படி அறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். வெனிலா எசன்சில் மதுச்சாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். சட்டியில் முன்பு என்ன சமைத்தோம் என்பதும் கேள்வி. என் அடுப்பங்கரைக்கு ஹலால் சான்றிதழ் கிடையாது. அதனால் கிறிஸ்துமஸுக்கு மலாய்த் தோழிகளை அழைத்தால், மலாய்க்காரர் கடையிலிருந்து உணவு வரவழைத்து, காகிதத் தட்டில் வைத்து, கடைப் பெயர் தெரியும்படி பொட்டலத்தை மேசையிலேயே விட்டுவிடுவேன். அவர்கள் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகும். கேட்க வைப்பதுதான் கஷ்டம். முழுப் பழங்களும் பெட்டி பிரிக்காத பிஸ்கட்டும் எப்போதும் பத்திரம்.

நோன்பு மாதத்தில் பகலில் பார்க்கப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், போங்கள். அவர்கள் முன்னால் மென்றுகொண்டு நிற்காமல் இருந்தால் போதும். பெருநாளன்று அழைத்தால் தவறாமல் போய், ரெண்டாங் என்ற இறைச்சிக் குழம்பை எப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள். சாவு என்றால் அன்றைக்கே அடக்கம் செய்துவிட முயல்வார்கள். நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

சீன அண்டை வீட்டார்

சுருக்கமாக. ஏழாவது சந்திர மாதத்தில் சாலையோரம் ஊதுபத்தியும் சோறும் பழமும் வைத்திருப்பார்கள். மிதிக்காமல், மோட்டார் சைக்கிளால் இடிக்காமல் சுற்றிப் போங்கள். சாவுக்குப் போனால் வெள்ளை உறையில் பணம் வையுங்கள். சிவப்பு உறை பெருநாளுக்கு. ஊதுபத்தி கொடுத்தால், வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, படத்தின் முன் அமைதியாகத் தலை தாழ்த்தி நில்லுங்கள், ஏற்றுக்கொள்கிறார்கள். கிளம்பும்போது சிவப்பு நூலும் மிட்டாயும் கொடுத்தால் மறுக்காமல் வாங்குங்கள். நம்மில் சிலர் கன்னி மரியாளைப் பற்றிப் பேசுவது போலவே அன்பாக அவர்கள் கருணைத் தெய்வமான குவான் யின்னைப் பற்றிப் பேசுவார்கள்; குவான் யின்னை வணங்குகிறவர்களில் பலர் மாட்டிறைச்சி தொடுவதில்லை. தீவிர சைவக்காரர்களுக்குப் பூண்டும் வெங்காயமும்கூட ஆகாது. நம் சைவம் அவர்களுக்குச் சைவம் அல்ல.

சுவிசேஷம் சொல்வதா, வேண்டாமா?

மரியாதை என்றால் வாயைப் பூட்டிக்கொள்வது என்று சிலர் நினைக்கிறார்கள். எல்லா மதமும் ஒன்றுதான் என்று சிரித்து மழுப்புவதை மரியாதை என்று நினைக்கிறவர்களும் உண்டு. பொங்கல் கொடுத்த அந்த அக்கா என்னிடம் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. “உன் சாமி வேறு, என் சாமி வேறு, பொங்கல் ஒன்று” என்பார். எனக்கு அது பிடிக்கும். நான் இயேசுவே வழி என்று நம்புகிறேன். அது அவருக்கும் தெரியும். கேட்டால் சொல்வேன். பேதுருவும் அதைத்தான் சொல்கிறார்: கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிரு. கேட்காதவர்களின் கதவைத் தட்டித் தட்டிச் சொல் என்று அந்த வசனத்தில் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், மற்ற மதங்களில் உண்மையாகவும் புனிதமாகவும் உள்ள எதையும் தள்ளிவிடுவதில்லை என்று எழுதிவைத்தது. அதோடு கிறிஸ்துவை அறிவிப்பதையும் விடவில்லை. இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியும்.

பிடிமானமாக இரண்டு விதி மட்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவரின் தலையில் கேட்காமல் கை வைத்து ஜெபிக்காதீர்கள். “ஜெபிக்கட்டுமா?” என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். இன்னொன்று, இலவச டியூஷனுக்கு வரும் இந்துப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் அறியாமல் வேதபாடம் எடுக்காதீர்கள். கணக்குச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டால் கணக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதை எங்கள் சபையிலேயே சிலர் ஏற்பதில்லை. நம் பிள்ளையை வேறொருவர் அப்படிச் செய்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன், பேச்சு மாறிவிட்டது.

அவர்கள் நம்மிடம் வரும்போதும் இதே முறைதான். ஜூலை 26ஐ ஒட்டிப் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத் திருவிழாவுக்குப் போயிருப்பீர்கள். மாலையோடும் மெழுகுவர்த்தியோடும் வருகிறவர்களில் இந்துக்கள் எத்தனை, சீனப் பௌத்தர்கள் எத்தனை! பொட்டு வைத்த அம்மா ஒருவர் முட்டிபோடத் தெரியாமல் தரையில் விழுந்து கும்பிட்டார். எனக்குப் பின்னால் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். கோயிலில் செருப்போடு ஏறிவிட்ட நம் பிள்ளையைப் பார்த்து அந்த அம்மா சிரித்திருந்தால்?

கேக் பெட்டிகள்

கடைசியாகத் தொழில் விஷயம். டிசம்பரில் எனக்கு மூன்று வகை மாவு. முதல் வகையில் முட்டை இல்லை, மது இல்லை. பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைப்பேன். இரண்டாவதில் முட்டை உண்டு, மது இல்லை. மூன்றாவதுதான் பாட்டி காலத்து ரம் ஊறிய கேக். சுடுகிற வரிசையும் இதுதான். தலைகீழாகப் போனால் கிண்ணமும் கரண்டியும் கலந்துவிடும். பெட்டி மூடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு ஒட்டுத்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று தமிழிலும் மலாயிலும் எழுதிவிடுவேன். இரண்டு வருடத்துக்கு முன் அவசரத்தில் ஒரு சிவப்புப் பெட்டிக்குப் பச்சை ஒட்டிவிட்டேன். நினைவு வந்ததும் மழையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், வாசலிலேயே வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவர்கள் இன்னும் பிரிக்கவில்லை.

அக்காவுக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. எங்கள் தாமானிலேயே, அதாவது எங்கள் குடியிருப்பிலேயே, இரண்டு தெரு தள்ளி மகன் வீட்டில் இருக்கிறார். பேரனுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது முருகனுக்கு வேண்டிக்கொண்டு சுத்த சைவமாகிவிட்டார், முட்டைகூடக் கிடையாது. போன டிசம்பரில் முதல் ஈடு கேக் அடுப்பிலிருந்து இறங்கியதும், சூடு ஆறுவதற்குள் ஒரு துண்டை எவர்சில்வர் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு கேக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது முட்டை உடைப்பதற்கு முன்னால் சுட்டது. நீங்கள் சாப்பிடலாம்” என்றேன்.